எதைங்க சொல்றீங்க?

அவரிடம் ‘அது’ என்று சொல்லிவிட்டு யாரும் தப்பித்ததில்லை. “அக்கா, அதை அங்க வெச்சிடுங்க” என்று சொன்னால், கையில் இருப்பதைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவார். “எதைங்க சொல்றீங்க? எங்கீங்க வெக்கோணும்?” கேட்கும்போது முகத்தில் துளிக் கிண்டல் இருக்காது. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆவல்தான் தெரியும். அதனால் கோபித்துக்கொள்ளவும் முடியாது. நாம் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

நாமக்கல்லுக்குக் கொஞ்சம் வெளியே, முட்டை லாரிகள் ஓயாமல் போய்வரும் ரோட்டை ஒட்டி, கோழி நோய்களை ஆராயும் சிறிய ஆய்வகம் ஒன்றில் நாங்கள் இருவரும் மூன்று வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் அங்கே டாக்டரம்மா, அதாவது கால்நடை மருத்துவர். ஊர் வாழப்பாடி. அவர் கம்ப்யூட்டர் வேலைக்கு எடுக்கப்பட்டவர், தினமும் திருச்செங்கோட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவர் பெயரை எழுதாமல் விடுகிறேன். எழுதினாலும் பிரயோஜனம் இல்லை. அந்தப் பக்கம் தெருவுக்கு மூன்று பேராவது அதே பெயரில் இருப்பார்கள்.

அந்தப் பெயரால் தனக்கு நேர்ந்ததை அவரே ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். பத்தாம் வகுப்பில் அவர் வகுப்பிலேயே அதே பெயரில் இன்னொரு பெண். இனிசியலும் ஒன்று. பரீட்சை முடிவு வந்தபோது இருவர் மதிப்பெண்ணும் இடம் மாறிவிட்டது.

“கணக்குல நான் தொண்ணூத்தாறு, அவ பதினேழு. மாத்தி எழுதிப்போட்டாங்க. ஒரு மாசம் அவங்கூட்டுல கறி விருந்து, எங்கூட்டுல ஒப்பாரி. எங்கப்பா எங்கிட்டப் பேசறதையே நிறுத்திப்போட்டாரு. கடைசீல அந்தப் புள்ளைதான் அவங்கப்பாவைக் கூட்டிக்கிட்டு எங்கூட்டுக்கு வந்துச்சு. ‘இது என்ர மார்க்கு இல்லீங்க, நான் கணக்குப் பரீட்சையில பாதி நேரம் தூங்கிட்டு இருந்தேன்’னு சொல்லுச்சு.”

திருத்தி வாங்குவதற்குள் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை முடிந்துவிட்டது. ஒரு வருடம் வீட்டில் இருந்தார். அந்த ஒரு வருடமும் அந்தப் பெண்ணும் அவரும் சேர்ந்தே திரிந்தார்களாம். அவர்தான் அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துத் தேற வைத்தார்.

“யார் மேலயும் தப்பில்லீங்க டாக்டர். எழுதினவருக்கு எந்தப் பொண்ணுன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலை. அவ்வளவுதான்” என்று சொல்லி டிபன் பாக்ஸை மூடினார்.

அவரை வேலைக்கு எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நேர்காணலில் எங்கள் ஆய்வகத் தலைவரும் நானும் இருந்தோம். தலைவர் சேலத்துக்காரர், எதிலும் அவசரம். எடுத்ததும், “உங்களுக்கு பயாலஜி தெரியுமா?” என்றார்.

“தெரியாதுங்க. எனக்கு ரிக்கு வண்டிதான் தெரியுமுங்க.”

தலைவர் சிரித்துவிட்டார். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக்கு வண்டிக்கும் கோழி வைரஸுக்கும் என்ன சம்பந்தம்? இவர் நிதானமாகச் சொன்னார். திருச்செங்கோட்டில் ஒரு ரிக்கு கம்பெனியின் ஸ்டோர்ஸில் ஆறு வருடம் இருந்தாராம். வண்டிகள் எல்லாம் வேறு வேறு மாநிலங்களில் ஓடும். ஏதாவது உடைந்தால் டிரைவர் போன் செய்வார். “அக்கா, அந்த ரவுண்டு ஐட்டம் ஒடஞ்சு போச்சு, சீக்கிரம் அனுப்புங்க” என்பார். வண்டியில் வட்டமான சாமானே நாற்பது இருக்கும். ஒவ்வொரு டிரைவரும் ஒவ்வொரு பெயர் வைத்திருப்பார். வேறு சாமான் போய்ச் சேர்ந்தால் அங்கே ஒரு வாரம் வண்டி சும்மா நிற்கும்.

“அதனால மூணு கேள்வி கேப்பேனுங்க. அது எது மேல ஒக்காருது? அது சுத்தினா கூட எது சுத்தும்? அதைக் கழட்டிப்போட்டா எது நின்னு போகும்? மூணாவது பதில் வாரதுக்குள்ள எதுன்னு தெரிஞ்சு போயிருங்க.”

பிறகு அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரே ஒரு எண். அந்த எண்ணுக்குக் கீழே டிரைவர்கள் சொல்லும் பெயர்கள் அத்தனையும். அதோடு விடவில்லை. இது அதன் மேல் உட்காரும், இது சுற்றினால் அதுவும் சுற்றும், இது இல்லாவிட்டால் அது நின்றுபோகும் என்று சாமான்களுக்கு இடையே உள்ள உறவையும் சின்னச் சின்ன வரிகளாக எழுதி வைத்திருந்தார். அவர் லீவில் போனாலும், டிரைவர் என்ன பெயர் சொன்னாலும், யார் வேண்டுமானாலும் சரியான சாமானை எடுத்து அனுப்பலாம்.

நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். நாங்கள் தேடிக்கொண்டிருந்தது இந்த வேலை தெரிந்த ஆளைத்தான்.

“இதுக்கு செமான்டிக் வெப்னு பேருங்க” என்றேன்.

“இதுக்குப் பேரெல்லாம் இருக்குதுங்களா?” என்று கேட்டு அவர் சிரித்த சிரிப்பில், தலைவர் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

எங்கள் சிக்கல் இதுதான். நோய் வந்து செத்த கோழியிலிருந்து வைரஸை எடுத்து அதன் மரபணு வரிசையைப் படிப்போம். அது நான்கு எழுத்துகள் மாறி மாறி வரும் நீளமான சரம். அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. இதேபோன்ற வைரஸ் வேறு எங்கே வந்திருக்கிறது என்று ஒரு நாட்டில் இருக்கும் இணையச் சேவையிடம் கேட்க வேண்டும். அதைப் புரத வரிசையாக மாற்ற இன்னொரு நாட்டின் சேவை. பல வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒப்பிட்டுப் பார்க்க மூன்றாவது. வைரஸின் வம்சாவளி மரத்தை வரைய நான்காவது. எல்லாம் நல்ல சேவைகள்தான். ஆனால் ஒன்று கொடுப்பதை இன்னொன்று வாங்காது. ஒரு சேவையில் ‘அடையாள எண்’ என்றால் ஒன்று, அடுத்த சேவையில் அதே சொல்லுக்கு வேறொன்று. நான் உட்கார்ந்து ஒவ்வொன்றிலிருந்தும் வெட்டி எடுத்து அடுத்ததில் ஒட்டுவேன். ஒரு மாதிரிக்கு முழுதாக இரண்டு நாள் ஆகும். ஒருமுறை ஒரு பண்ணையின் வரிசையை இன்னொரு பண்ணையின் பெயரில் ஒட்டிவிட்டு, கடைசி நேரத்தில் கண்டுபிடித்தேன்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் அவர் ஒன்றுமே செய்யவில்லை. என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நான் வெட்டி ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாரக் கடைசியில், “இதுகளுக்கெல்லாம் ஜாதகம் எழுதோணுமுங்க” என்றார்.

“எதுகளுக்கு?” என்றேன். என் வாழ்க்கையில் அவரை முந்திக்கொண்டு நான் கேட்ட ஒரே கேள்வி அதுவாகத்தான் இருக்கும். மேசையைத் தட்டிச் சந்தோஷப்பட்டார்.

“இந்தச் சேவைகளுக்குத்தானுங்க. ஒவ்வொண்ணும் என்னத்தை வாங்கிக்கும், என்ன வேலை செய்யும், என்னத்தைக் கொடுக்கும்னு பொதுவான வார்த்தையில எழுதி வெச்சுப்போட்டா, எதுக்கு எது பொருந்தும்னு மெஷினே பாத்துக்குமுங்க. நாம எதுக்கு நடுவுல புரோக்கர் மாதிரி ஓடிக்கிட்டு?”

அந்தப் பொதுவான வார்த்தைகளைத் தேடித்தான் அடுத்த ஒரு வருடம் போனது. உலகத்தில் பலர் சேர்ந்து உருவாக்கிய சொல் தொகுப்புகள் இருந்தன. அவற்றில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகவரி உண்டு. ராணிக்கெட், நியூகேசில் என்று பெயர் எப்படி இருந்தாலும் அந்தக் கோழி நோய்க்கு ஒரே முகவரி. மனிதர் படிப்பதற்காக எழுதிய பக்கம் கம்ப்யூட்டருக்கு வெறும் எழுத்துக் குவியல். இந்த முகவரிகளைச் சேர்த்து எழுதினால்தான் எது எதைக் குறிக்கிறது என்று அதற்குத் தெரியும். ஆனால் எங்கள் விவசாயிகள் சொல்லும் பெயர்கள் அந்தத் தொகுப்புகளில் இல்லை. அவற்றை அவர் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். சேர்க்கும்போது என்னைப் பாடாய்ப் படுத்தினார்.

“டாக்டர், கொண்டை கோழியில ஒரு வகைங்களா, கோழியோட ஒரு பகுதிங்களா?”

“பகுதி.”

“நாட்டுக்கோழி?”

“அது வகை.”

“போன வாரம் ரெண்டையும் வகைன்னே போட்டு வெச்சிருக்கீங்க. மெஷின் என்ன நெனைக்கும்? கொண்டையும் முட்டை போடும்னு நெனச்சுக்குமுங்க.”

அன்று முழுக்க ஆய்வகத்தில் யார் முகத்தைப் பார்த்தாலும் சிரிப்பு வந்தது. தலைவர் மட்டும், முட்டை போடும் கொண்டையை ஒரு துண்டுத்தாளில் வரைந்து தன் கம்ப்யூட்டரில் ஒட்டி வைத்துக்கொண்டார்.

இன்னொரு நாள் காலையில் போன் செய்தார். “இன்னிக்கு வர முடியாதுங்க டாக்டர். ஊட்டுல ஒறம்பரைங்க.” எங்கள் வாழப்பாடிப் பக்கம் அந்தச் சொல் கிடையாது. உடம்பில் ஏதோ தடிப்பு, அரிப்பு போல என்று நினைத்துக்கொண்டேன். “ரொம்ப இருக்கா? சொறியாதீங்க. டாக்டர்கிட்டக் காட்டிடுங்க” என்றேன். அந்தப் பக்கம் போனைக் கீழே வைத்துவிட்டு அவர் வீட்டாரிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது கேட்டது.

மறுநாள் வந்ததும் வெள்ளைப் பலகையில் எழுதினார்: ஒறம்பரை = விருந்தாளி. கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தார். பிறகு சமக்குறியை அழித்தார்.

“இல்லீங்க. விருந்தாளி யாரு வேணாலும் இருக்கலாம். ஒறம்பரைன்னா சொந்தமா இருக்கோணும். அதனால ஒறம்பரை விருந்தாளியில ஒரு வகைன்னு போடலாம். ரெண்டும் ஒண்ணுன்னு போடக் கூடாது.”

சமக்குறி போட அவருக்குக் கை வராது. அதற்குக் காரணமும் உண்டு. இரண்டு பொருள்கள் ஒன்றுதான் என்று ஒருமுறை எழுதிவிட்டால், ஒன்றைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மற்றதற்கும் போய் ஒட்டிக்கொள்ளும். அதை நம்பி உலகத்தின் வேறு மூலையில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரும் எடுத்துக்கொள்ளும். “அப்புறம் பின்னால போயி எங்கெங்கன்னு அழிப்பீங்க?” என்பார்.

இந்தக் குணத்தோடு அவரை வெளியே கூட்டிப்போவது தனி அனுபவம். ஒருமுறை ஒரு ஹார்டுடிஸ்க் வாங்க இருவரும் சேலம் போக வேண்டியிருந்தது. “பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க, வந்துடறேன்” என்றேன். மூன்று முறை போன் வந்தது. பழைய பஸ் ஸ்டாண்டா, புது பஸ் ஸ்டாண்டா? புதுசு என்றால் உள்ளேயா, வெளியேயா? உள்ளே என்றால் எந்த ஊர் பஸ் நிற்கும் இடம்? எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் நான் போய் இறங்கிய இடத்தில், இறங்கிய படிக்கு நேராக அவர் நின்றுகொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் இளம்பிள்ளையில் புடவை எடுக்கப் போனோம். கடைக்காரர் ஒரு புடவையை விரித்து “பட்டுங்க” என்றார். இவர், “எந்தப் பட்டுங்க? பாவு நூல் எது, ஊடை நூல் எது?” என்று ஆரம்பித்தார். கடைக்காரர் முதலில் முழித்தார். பிறகு உற்சாகம் வந்துவிட்டது. யாரும் தன்னிடம் இப்படிக் கேட்டதே இல்லை என்று சொல்லி, எல்லா அடுக்கையும் இறக்கி, ஒவ்வொரு நூலாகப் பிரித்துக் காட்டி, டீ வரவழைத்துக் கொடுத்தார். இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு நூல் புடவையோடு வெளியே வந்தோம்.

வெளிநாட்டுச் சேவைகளை நடத்துபவர்களையும் அவர் விடவில்லை. குளிர்ந்த நாடு ஒன்றில் இருந்த ஒருவருக்கு ஒற்றை வரியில் மின்னஞ்சல் அனுப்பினார்: நீங்கள் ‘ஐடி’ என்று எழுதியிருப்பது எதன் ஐடி, மரபணுவுக்கா, வரிசைக்கா, மாதிரிக்கா? உதவிப் பக்கத்தைப் படித்துக்கொள்ளுங்கள் என்று அந்த மனிதர் வறட்டுத்தனமாகப் பதில் போட்டார். இவர் அந்த உதவிப் பக்கத்தை முழுதும் படித்து, அதில் அந்தச் சொல் மூன்று இடத்தில் மூன்று பொருளில் வருவதைக் குறித்து அனுப்பினார். ஒரு வாரம் கழித்து அந்த மனிதரிடமிருந்து பதில் வந்தது. “நீங்கள் சொல்வது சரி. எட்டு வருடமாக எங்களுக்கே தெரியவில்லை” என்று எழுதினார். பக்கத்தைத் திருத்தினார். அந்த வருடம் தை மாதம் அவரிடமிருந்து பொங்கல் வாழ்த்து வந்தது. எப்படித் தெரிந்துகொண்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் கழித்து, ஒரு பிற்பகலில் முதல்முறையாக எல்லாம் சேர்ந்து ஓடியது. மாதிரியின் வரிசையைக் கொடுத்தோம். எங்கள் கம்ப்யூட்டர் நிரல் அந்தச் சேவைகளின் ஜாதகங்களைப் பார்த்து, எந்தச் சேவைக்குப் பின்னால் எந்தச் சேவை என்று தானே கோத்து, ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, கடைசியில் திரையில் வம்சாவளி மரத்தை வரைந்து நிறுத்தியது. ஆர்டர் செய்த டீ வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நான் இரண்டு நாள் உட்காரும் வேலை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். அவரும் குதித்தார். தலைவர் ஓடிவந்து, “என்ன, ஆயிடுச்சா?” என்றார். “எதுங்க ஆயிருச்சாங்கறீங்க?” என்று இவர் குதித்துக்கொண்டே கேட்டார்.

இனிச் சொல்லப்போவது, அந்தக் குணம் என்னைக் காப்பாற்றிய நாள்.

எங்கள் வேலையைத் தொடரலாமா, மூடிவிடலாமா என்று முடிவு செய்ய வெளியூரிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வந்திருந்தது. அன்று பார்த்து, நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு பண்ணைக்காரர் போன் செய்தார். எருமப்பட்டிப் பக்கம் பண்ணை வைத்திருப்பவர், ஏற்கனவே பழக்கம். “வெள்ளைக் கழிச்சலுங்க டாக்டரம்மா. சாகுதுங்க. சாம்பிள் அனுப்பியிருக்கேனுங்க” என்றார். அந்த வாரம் ஏற்கனவே இரண்டு பண்ணைகளில் ராணிக்கெட் நோய். எங்கள் பக்கம் ராணிக்கெட்டைத்தான் வெள்ளைக் கழிச்சல் என்பார்கள். அதனால் நான் யோசிக்கவே இல்லை. “மத்த கோழிக்கெல்லாம் உடனே தடுப்பு மருந்து கொடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டு ஓடினேன். வந்த மாதிரியின் படிவத்தில் ‘வெள்ளைக் கழிச்சல்’ என்று நோய்ப் பெயரை மட்டும் எழுதினேன். வயது, அறிகுறி எல்லாம் காலி.

குழுவின் முன்னால் அந்த வாரத்து மூன்று மாதிரிகளையும் ஓட்டிக் காட்டுவது என்று ஏற்பாடு. முதல் இரண்டும் தண்ணீர்போல ஓடின. மரங்கள் வந்தன. குழுவில் ஒருவர் தலையாட்டினார். மூன்றாவது, எருமப்பட்டி மாதிரி. அதன் வரிசையை இன்னும் படிக்கவில்லை, படிவத்தைக் கொடுத்து நிரல் எந்தப் பாதையைக் கோக்கிறது என்று மட்டும் காட்டுவதாக இருந்தது. நிரல் நின்றுவிட்டது. திரையில் ஒரே ஒரு வரி: எந்த வெள்ளைக் கழிச்சல்?

தலைவர் அவர் காதருகே குனிந்து, “ராணிக்கெட்னு போட்டு ஓட்டும்மா” என்றார். எல்லோருக்கும் கேட்டது.

“வயசு எழுதலீங்க சார். அந்தப் பேருக்கு ரெண்டு நோய் இருக்குதுங்க. ஒண்ணு வைரஸு, ஒண்ணு பாக்டீரியா. ரெண்டுக்கும் பாதை வேற.”

“டாக்டர் இங்கதானே இருக்காங்க? அவங்களே ராணிக்கெட்னு சொல்றாங்க. போடும்மா.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “டாக்டர், எத்தனை நாள் கோழிங்க?”

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை. மூன்று பேர் முன்னால், என் தலைவர் முன்னால், தெரியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். காது சூடாகிவிட்டது.

“தெரியாததைத் தெரியும்னு நான் எழுத மாட்டேனுங்க” என்று தலைவரிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு என் பக்கம் நகர்ந்து, “ஒரு போன் போட்டுக் கேட்டுருங்க டாக்டர்” என்றார்.

அங்கேயே நின்று போன் செய்தேன்.

“சொல்லுங்க டாக்டரம்மா. மருந்து வாங்கியாந்தாச்சுங்க. தண்ணியில கலக்க ஆளு தொட்டிகிட்ட நிக்குது.”

“கலக்காதீங்க! ஒரு நிமிஷம். எத்தனை நாள் கோழி?”

“கோழி எங்கீங்க? குஞ்சுங்க. ஒம்பது நாளு.”

“கழுத்து திருகுதா? வாயைத் தெறந்து மூச்சு வாங்குதா?”

“அதெல்லாம் இல்லீங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் குமிஞ்சு கெடக்குதுங்க. பொறவால, வாலுக்குக் கீழ, வெள்ளையா, சுண்ணாம்பு மாதிரி ஒட்டியிருக்குது.”

அது ராணிக்கெட் இல்லை. தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு வரும் வேறு நோய், பாக்டீரியாவால் வருவது. அதையும் சிலர் வெள்ளைக் கழிச்சல் என்றுதான் சொல்வார்கள். படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். ஏற்கனவே துவண்டு கிடக்கும் குஞ்சுகளுக்கு ராணிக்கெட் தடுப்பு மருந்தைக் கொடுத்திருந்தால் நோயும் போயிருக்காது, மிச்சம் இருந்தவையும் தாங்கியிருக்காது. கலக்க வேண்டாம், நான் நேரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

குழுவில் இருந்த வயதான அம்மையார் ஒருவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். என்ன பேசினோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு தலைவரைப் பார்த்து, “இந்த மாதம் ஆறு இடங்களில் இதுபோன்ற நிரல்களைப் பார்த்தோம். எல்லாம் ஓடின. தெரியவில்லை என்று நின்றது இது ஒன்றுதான்” என்றார். பாராட்டா, குறையா என்று தலைவருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அவர் மட்டும் நாற்காலியில் இருந்து எழுந்து, “நன்றிங்கம்மா” என்றார்.

நான் அன்று பிற்பகலே பண்ணைக்குப் போனேன். செத்த குஞ்சுகளின் ஈரலிலிருந்து எடுத்ததை வளர்த்துப் பார்த்த முடிவு சில நாட்களில் வந்தது. சந்தேகப்பட்டதேதான். முந்நூறு குஞ்சுகளுக்கு மேல் போய்விட்டன. ஆனால் பெரும்பகுதி பிழைத்தது. குஞ்சு கொடுத்த பொரிப்பகத்தில் தாய்க்கோழிகளைச் சோதித்தார்கள். அங்கேதான் நோய் இருந்தது. அங்கிருந்து வேறு பண்ணைகளுக்குப் போக இருந்த குஞ்சுகள் நிறுத்தப்பட்டன.

தலைவர் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் கையில் தாள்களோடு அவர் மேசைக்கு வந்து நின்றார். “ரிப்போர்ட் வந்துடுச்சு” என்றார்.

“எந்த ரிப்போர்ட்டுங்க சார்?”

தலைவர் சிரிக்கக் கூடாது என்று பார்த்தார். முடியவில்லை. “ரெண்டு ரிப்போர்ட்டும்மா. ஒண்ணு குஞ்சோடது. இன்னொண்ணு நம்ம புராஜெக்டை இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிச்சது” என்றார்.

படிவத்தைக் காலியாக விட்டதற்காக நான் அவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. “இந்தப் படிவத்துல வயசுக் கட்டம் ரொம்ப சின்னதா இருக்குதுங்க டாக்டர். அதனாலதான் கண்ணுக்குப் படலை. நான் பெருசாக்கிப்போட்டேன்” என்றார். என்னை வெட்கப்பட விடாமல் பழியைக் கட்டத்தின் மேல் போட்டுவிட்டார்.

இப்போது அவர் வேறு ஊரில், நெல் ரகங்களின் மரபணுத் தகவல்களை இணைக்கும் ஒரு குழுவில் இருக்கிறார். ஒரே ரகத்துக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர், ஒரே பெயரில் ஊருக்கு ஊர் வேறு ரகம். அவருக்குக் கொண்டாட்டம். எப்போதாவது நான் வேறு எண்ணிலிருந்து போன் செய்து, “நான்தான்” என்று சொல்லிப் பார்ப்பேன். “எந்த நாந்தானுங்க?” என்று பதில் வரும். குரல் நன்றாகத் தெரிந்திருந்தும் கேட்பார்.

அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது எருமப்பட்டிப் பண்ணையில் அடுத்த முறை குஞ்சு இறக்கிய நாள். கொட்டகையைக் கழுவிக் காயவைத்து, சுண்ணாம்பு அடித்து, வேறு பொரிப்பகத்தில் குஞ்சு வாங்கியிருந்தார் பண்ணைக்காரர். “கேள்வி கேட்ட அந்த அம்மாவைக் கண்டிப்பாக் கூட்டியாரோணும்” என்று எனக்கு நாலு முறை போன் செய்துவிட்டார். காலை வெயில் ஏறும் முன்பே போய்ச் சேர்ந்தோம். வாசலில் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்து உள்ளே போனோம். உமியின் மேல் காகிதம் விரித்து, மேலே பல்புகள் எரிய, கொட்டகை கதகதப்பாக இருந்தது. அட்டைப் பெட்டிகளைத் திறந்ததும் மஞ்சள் பஞ்சாகக் குஞ்சுகள் நாலா பக்கமும் ஓடின. கீச்சுச் சத்தத்தில் நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்கவில்லை.

பண்ணைக்காரர் ஒரு குஞ்சை எடுத்து அவர் கையில் வைத்தார். அப்போதுதான் இவர் சொன்னார், இத்தனை நாளில் உயிருள்ள குஞ்சைத் தான் தொட்டதே இல்லையாம். கோழியின் வரிசை தெரியும், வகை தெரியும், பகுதி தெரியும், நோய் அத்தனையும் தெரியும். கையில் எடுத்ததில்லை.

இரண்டு கைகளையும் கிண்ணம்போலச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். குஞ்சு கொஞ்ச நேரம் தத்தளித்தது. பிறகு சூடு கண்டு அடங்கியது. கண்ணை மூடியது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், அவரிடமிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. பண்ணைக்காரருக்குக்கூடப் பொறுக்கவில்லை.

“என்னங்கம்மா, இன்னிக்கு எங்களை ஒண்ணும் கேக்கலீங்களா?”

அவர் தலையை நிமிர்த்தவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பு.

“சித்த சும்மா இருங்க” என்றார். “தூங்குது.”